எட்டாம் எண் இல்லாத வார்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். கொரட்டூர் ஏரிப் பக்கமிருந்து காற்று வரும் என்று சொல்லித்தான் இந்த வீட்டை வாங்க வைத்தார்கள். கொசு வருகிறது.

இன்று முதல் ஆஸ்பத்திரியில் 'நோயாளர் பாதுகாப்பு வாரம்'. காலை ஒன்பது மணிக்கு எல்லா ஊழியரும் வண்டி நிறுத்துமிடத்தில் கூடி உறுதிமொழி. எம்.டி. ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொன்னோம். "நோயாளியின் பாதுகாப்பே என் முதல் கடமை." மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் ஐ.சி.யூ.வில் ஒரே நர்ஸ். பொது வார்டில் யாரும் இல்லை. இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு நோயாளி, தீர்ந்துபோன குளுக்கோஸ் பாட்டிலைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் உறுதிமொழியை வேடிக்கை பார்த்தார்.

வாசலில் ஃபிளெக்ஸ். எம்.டி. கைகூப்பியபடி, ஆள் உயரத்துக்கு மேல். நோயாளி வலது மூலையில், அஞ்சல்தலை அளவு. வெள்ளைக்காரர்.

இருபத்தொரு வருடமாக நான் இங்கே பதிவேட்டு அறை. போன மாதம் எம்.டி. கூப்பிட்டு, "பாதுகாப்பையும் நீங்களே பாத்துக்கங்க மேடம், எல்லாம் ரெக்கார்டுதானே" என்றார். எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. 18, 19 தேதிகளில் தரச் சான்றுக்கு ஆய்வு. அதற்குள் ஊழியர்களிடம் பாதுகாப்புக் கலாசாரம் வளர்ந்திருக்க வேண்டும். பதினான்கு நாள். கொத்தமல்லி வளரும்.

மாலை வகுப்பு எடுத்தேன். புதிதாக அச்சடித்த 'சம்பவப் படிவம்' எல்லோருக்கும் ஒரு கட்டு. தவறு நடந்தாலோ, நடக்கப் பார்த்தாலோ எழுதிக் கொடுங்கள். எங்கே ஓட்டை என்று தெரிந்தால்தான் அடைக்க முடியும் என்றேன். படிவத்தின் தலைப்பில் கொட்டை எழுத்தில்: 'யார் மீதும் பழி இல்லை.'

பின்வரிசையில் பவானி என்கிற நர்ஸ். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிற பெண். இரண்டு வருடம் ஐ.சி.யூ.வில் இருந்தவள், இந்த வாரம்தான் பொது வார்டுக்கு மாற்றம். எழுந்து கேட்டாள்: "நெஜமாவே ஒண்ணும் பண்ண மாட்டாங்களா மேடம்?"

"மாட்டாங்க. நான் பொறுப்பு."

கதவோரம் நின்ற ஆயா எல்லம்மா சிரித்தாள். "மேடமே பொறுப்புன்றாங்க, அப்பால இன்னா? எய்திக் குட்த்துட்டு ஜாலியா இரு."

வகுப்பு முடிந்து டீ, சமோசா. கலாசாரம் சமோசா வரும்வரை நன்றாகவே இருந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை வருவதுபோல் இருட்டி, மனம் மாறிவிட்டது.

ஒத்திகை. ஆய்வுக் குழு என்ன கேட்கும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆலோசகர் ஒரு தாள் தந்திருக்கிறார். (அண்ணா நகரிலிருந்து வருகிறார். முப்பது வயது. கழுத்தில் அடையாள அட்டை, அதில் அவர் கம்பெனி பெயர் அவர் பெயரைவிடப் பெரிது.) நர்ஸுகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

கேள்வி: நோயாளியை எப்படி அடையாளம் காண்பீர்கள்?
பதில்: பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு உறுதி செய்வோம்.

இதை மனப்பாடம் செய்துகொண்டிருந்த பெண்ணே நடுவில் நிமிர்ந்து, "அக்கா, பதினொண்ணு வாந்தி எடுக்குது, பன்னெண்டுக்கு டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சு" என்று சத்தம் போட்டுவிட்டு மறுபடி படித்தாள். பெயரையும் பதிவு எண்ணையும்.

இன்று செய்தவை:
– புகார்ப் பெட்டி மாட்டியாயிற்று. பூட்டு இருக்கிறது. சாவி பெட்டிக்குள்.
– கை கழுவும் முறை, படத்துடன், எல்லா வாஷ்பேசின் மேலும். இரண்டாம் மாடியில் தண்ணீர் வரவில்லை. படம் இருக்கிறது.
– கட்டில் பலகைகள், சுவர், கதவு எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்ப்பு. எல்லம்மா குழு. சுத்தம் கண்ணைப் பறித்தது.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். மனசு சரியில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் எண் விவகாரம். எம்.டி.யின் எண் ஜோதிடர் வெகு நாளைக்கு முன் சொன்னது: எட்டு ஆகாது. கூட்டினால் எட்டு வருவதும் ஆகாது. ஆகவே நம் பொது வார்டில் படுக்கைகள் இப்படி: 7, 7ஏ, 9. பிறகு 16, 16ஏ, 18. பிறகு 25, 25ஏ, 27. முப்பத்தைந்து வருவதற்குள் வார்டு முடிந்துவிடுகிறது. கொத்தனார் ஜோதிடருக்குச் செய்த உதவி. பதின்மூன்று உண்டு. அது வெள்ளைக்காரன் மூடநம்பிக்கை, அதையெல்லாம் நம்பக் கூடாது என்பார் எம்.டி.

எண்கள் பலகையில் பெயிண்ட். 'ஏ' மட்டும் ஒட்டுத்தாள். நேற்றுப் பாதுகாப்பு வாரத்துக்காகத் தேய்த்த தேய்ப்பில் 7ஏ-வின் 'ஏ' போய்விட்டது. இன்று காலை வார்டில் இரண்டு ஏழு, அடுத்தடுத்து.

ஏழில் சர்க்கரை நோயாளி. காலை உணவுக்கு முன் இன்சுலின். 7ஏ-வில் டில்லி பாபு, மண்ணூர்பேட்டை ஷேர் ஆட்டோக்காரர், காய்ச்சல். பவானிக்கு அந்த வார்டில் அது முதல் காலை. பலகையைப் பார்த்தாள். ஏழு. ஊசி போட்டாள். சார்ட்டில் எழுதும்போது பெயர் பொருந்தவில்லை.

மற்றதை டில்லி பாபு வாயால் கேட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தபோது உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்டுட்டு பேர் இன்னான்னு கேட்டிச்சு. டில்லி பாபுன்னேன். அவ்ளோதான், பொண்ணு மூஞ்சி வெளுத்துப்பூட்ச்சி. எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், அதுக்குத்தான் ஊசி போடணும்போல இருந்திச்சு."

"அப்புறம்?"

"ஓடிப் போயி டாக்டர இட்டாந்திச்சு. 'தப்பு என் மேலதாண்ணா, வேற ஒருத்தர் ஊசிய உங்களுக்குப் போட்டுட்டேன்'னு என்னாண்டயே சொல்லிச்சு. எனுக்கு வேர்த்து ஊத்திச்சு, கை காலெல்லாம் நடுங்கிச்சு. குளுகோஸ் ஏத்தினாங்க. அந்தப் பொண்ணு நவுரவே இல்ல. கால் மணிக்கு ஒருக்கா வெரல குத்திக் குத்திப் பாத்துக்கினே கீது. நான் சொன்னேன், கண்ணு, ஊசி ஒண்ணுதான் தப்பாப் போட்ட, வெரல்ல பத்து ஓட்ட போட்டுட்டியேன்னு."

ஒரு மணிக்கு பவானி என் அறைக்கு வந்தாள். படிவம் இரண்டு பக்கமும் நிரப்பி. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. 'என்ன நடந்தது' – நடந்தது. 'யார்' – நான். 'மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யலாம்' – அந்தப் படுக்கைக்கு எட்டு என்று எண் போடலாம்.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. காய்ச்சல்காரருக்கு வேர்ப்பது வழக்கம்தான். சர்க்கரை இறங்கியதை யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டார். அது ஏன் என்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது.

இருபத்தொரு வருடத்தில் இந்த ஆஸ்பத்திரியில் நான் பார்த்த முதல் பாதுகாப்பு. 'நீ செஞ்சது நல்லதும்மா' என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

புழுக்கம் தொடர்கிறது. மாநாட்டு அறையில் ஏ.சி. இருப்பதால் மூல காரண ஆய்வு அங்கே நடந்தது.

எம்.டி., எச்.ஆர். பிரபாகர், ஆலோசகர், நான். ஆலோசகரின் முறைப்படி 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டால் மூல காரணம் வெளியே வந்துவிடும்.

ஏன் தவறு நடந்தது? – பவானி பெயர் கேட்கவில்லை.
ஏன் கேட்கவில்லை? – கவனக்குறைவு.
ஏன் கவனக்குறைவு? – பொறுப்பில்லை.
ஏன் பொறுப்பில்லை? – இந்தக் காலத்துப் பிள்ளைகள்.
ஏன் இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படி? – செல்போன்.

ஐந்து ஏனில் ஒரு தலைமுறையையே விசாரித்து முடித்துவிட்டோம். ஒட்டுத்தாளை யாரும் விசாரிக்கவில்லை.

நான் சொன்னேன். பெயர் கேட்காதது தப்புதான், ஆனால் அடுத்தடுத்து இரண்டு ஏழு இருந்தால் யாரும் தவறுவார்கள், எட்டு என்று எழுதிவிட்டால் தீர்ந்தது என்று. எம்.டி. விரலில் நீலக்கல் மோதிரத்தைச் சுழற்றினார்.

"மேடம், அது நம்ம நம்பிக்கை. அதுல மட்டும் கை வைக்காதீங்க."

அவர் தலைக்குப் பின்னால் திரையில் ஆலோசகரின் வாசகம் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது: 'மனிதரைக் குறை சொல்லாதே, அமைப்பைப் பார்.' பார்த்தேன். அமைப்பு மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

பிரபாகர் மேசையைத் தட்டி முடிவுக்கு வந்தார். "மெமோ குடுத்துடலாம் சார்."

"படிவத்துல பழி இல்லைன்னு போட்டிருக்கே?" என்றேன்.

"பழி இல்லன்னுதான் போட்டிருக்கு மேடம். நடவடிக்கை இல்லன்னு போடலயே."

இந்த மனிதரை வக்கீலாக்காமல் விட்டது நீதித்துறையின் அதிர்ஷ்டம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிற்பகல் நான்கு மணிக்கு நல்ல மழை. தொழிற்பேட்டைக்குப் போகிற எஸ்டேட் ரோட்டில் முழங்கால் தண்ணீர்.

பவானியை பிரபாகர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். மெமோ வாங்கினால் பணிச் சான்றில் அதைக் குறிக்க வேண்டி வரும், அதற்குப் பதில் 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று நீயே எழுதிக் கொடுத்துவிடு என்று யோசனை. யோசனை சொல்லும்போது அவளுக்கு மோர் கூடக் கொடுத்தாராம். எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அசல் சான்றிதழ்கள் திருப்பித் தரவில்லை. வேலையில் சேரும் நாளன்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து நர்சிங் பதிவுச் சான்று வரை எல்லோருடையதையும் வாங்கி பிரபாகர் தன் இரும்பு பீரோவில் வைத்துக்கொள்வார். ஒப்பந்தக் காலம் மூன்று வருடம். இவளுக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி. ஆகவே இவள் விலகவும் வேண்டும், விலகியதற்காகச் சான்றிதழும் கிடைக்காது. அது இல்லாமல் வேறு எந்த ஆஸ்பத்திரி வாசலும் மிதிக்க முடியாது.

உடை மாற்றும் அறையில் எல்லம்மா குரல்: "இன்னாத்துக்கு அழுவுற? ஊசி குத்திக்கினவன் துன்னுட்டு டிச்சார்ஜு ஆயி பூட்டான். குத்திட்டு நீ அழுவுற. மூஞ்சக் கய்வு மொதல்ல."

வெளியே வந்த பவானி என்னைப் பார்த்தாள். "மேடம், நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள்.

எம்.டி.யிடம் போனேன். "சார், அந்தப் பொண்ணுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நீங்க ஏன் மேடம் குடுத்தீங்க?" என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். வாக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? ஒரு கட்டுப் படிவம்.

ஆகஸ்ட் 9, சனி

தூறல். துணி காயவில்லை.

ஆலோசகர் என் சம்பவப் பதிவேட்டைப் பார்த்து முகம் சுளித்தார். உள்ளே பவானியின் ஒரே ஒரு சம்பவம். "இது வேணாம் மேடம், ரொம்ப சீரியஸா இருக்கு. ஆனா சீரோவும் காட்டக் கூடாது. சீரோ காட்டினா கலாசாரம் இல்லன்னு மார்க் கொறைச்சிடுவாங்க. சின்னச் சின்னதா ஒரு ஆறு இருந்தா அழகா இருக்கும்."

அவர் லேப்டாப்பில் மாதிரிச் சம்பவங்கள் தயாராக இருக்கின்றன. ஈரத் தரை. மங்கிய லேபிள். சக்கரம் கிறீச்சிடும் ஸ்ட்ரெச்சர். யாரும் விழாத தரை, யாருக்கும் தவறாகப் போகாத மருந்து. நான்காவதில் வேறோர் ஆஸ்பத்திரியின் பெயர் அழிக்காமல் இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கும் வேறெங்கிருந்தோ வந்திருக்கும். இந்த ஸ்ட்ரெச்சர் தமிழ்நாடு முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கிறது.

அலுவலகத்தில் முடியாமல் வீட்டுக்கே கொண்டுவந்து புதுப் பதிவேடு எழுதினேன். நான்கு பேனா, மூன்று விதக் கையெழுத்து. ஒவ்வொரு சம்பவத்துக்கும் எழுதிக் கொடுத்தவர் என்று ஓர் ஊழியர் பெயர். பதிவேட்டு அறைக்காரி என்பதால் வேலை சுத்தம். எந்த வரி பொய் என்று இன்னும் பத்து வருடம் கழித்து எனக்கே தெரியாது.

பவானியின் படிவத்தைக் கிழித்துவிடச் சொல்லியிருந்தார் பிரபாகர். கிழிக்கவில்லை. என் பீரோவில் பழைய கோப்புக்குள் வைத்தேன். நேர்மை என்று சொல்ல மாட்டேன். தாளைக் கிழிக்கக் கை வராது, தொழில் பழக்கம்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டே நான் எழுதுவதைக் கவனித்திருக்கிறார். எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவராகவே சொன்னார்: "எங்க கேட்ல போர்டு இருக்கும், 'விபத்தில்லாத நாட்கள்'னு. ஒருத்தனுக்கு பிரஸ் மெஷின்ல வெரல் போச்சு. அன்னிக்கு அவன் லீவுன்னு போட்டுட்டோம். லீவுல இருக்கறவனுக்கு எப்படி விபத்து நடக்கும்?"

"லீவு யாரு போட்டது?"

"நான்தான். நான்தானே சேஃப்டி ஆபீசர்."

பிறகு இருவரும் டி.வி. பார்த்தோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில் திரும்பிவிட்டது.

புகார்ப் பெட்டியை (பூட்டை உடைத்து) திறந்தேன். உள்ளே:
– பிஸ்கட் உறை, இரண்டு
– கேன்டீன் சாம்பாரில் தண்ணீர் என்று ஒரு கடிதம், கையெழுத்து இல்லை
– ஆவடியில் நடக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை, எல்லா ஊழியர்களுக்கும்
– சாவி

சம்பவப் படிவம் ஒன்றுகூட இல்லை. வார்டுகளில் கொடுத்த கட்டுகளின் பின்பக்கத்தில் டூட்டி மாற்றும் கணக்குப் போடுகிறார்கள்.

பதினொரு மணிக்கு என் கவுன்ட்டரில் இரண்டு நர்ஸுகள், பழைய கேஸ் ஷீட் தேடுவதுபோல் பேச்சு. நான் அலமாரிக்குப் பின்னால் இருப்பது தெரியாது.

"பதினாறோட பிரஷர் மாத்திரைய பதினாறு ஏ-க்குக் குடுத்துட்டேன்டி. ரெண்டு சார்ட்டும் ஒரே இடத்துல சொருகியிருந்துச்சு."

"ஐயோ. டாக்டர்கிட்ட சொன்னியா?"

"லூசா நீ? பவானி கதி தெரியும்ல? கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

நான் மாடிக்கு ஏறினேன். இந்த முழங்காலோடு அவ்வளவு வேகமாக ஏறியது எனக்கே ஆச்சரியம். 16ஏ-வில் ஓர் அம்மாள், திருநெல்வேலிப் பக்கம், மகன் இங்கே ஐ.டி.யில் வேலை. மகன் மடிக்கணினியும் காதில் கருவியுமாக யாருடனோ கூட்டத்தில் இருந்தான். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும், "யம்மா, தலைய சுத்திக்கிட்டே வருது தாயி, சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ" என்றார்.

டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு அழுத்தம் பார்க்கச் சொன்னேன். ஏன் என்றார். பார்வைக்குச் சரியில்லை என்றேன். பார்த்தார். முகம் மாறியது. கால்மாட்டை உயர்த்தி சலைன் போட்டார்கள். தனியாகக் கூப்பிட்டு, மாத்திரை மாறியிருக்கலாம் என்றும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. மூன்று மணிக்கு அழுத்தம் சரியாகிவிட்டது. மகன் டாக்டருக்கு நன்றி சொன்னான்.

போன புதன்கிழமை தவறு செய்தவளே ஓடிப்போய்ச் சொன்னாள். ஆறு நாளில் இங்கே வந்து நிற்கிறோம். கலாசாரம் வளர்க்க முடியாது என்று யார் சொன்னது?

நான் இதற்குப் படிவம் நிரப்பினேனா? இல்லை. அந்தப் பெண்ணின் சான்றிதழ்களும் பிரபாகரின் பீரோவில். இப்படித்தான் ஒவ்வொருவரும் ஒரு நல்ல காரணம் வைத்திருப்போம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை மேகமூட்டம். வாசலில் கோலம், வாழைமரம். ஆய்வுக்கா கல்யாணத்துக்கா என்று ஷேர் ஆட்டோவில் கேட்டார்கள்.

ஆய்வாளர் ஓய்வுபெற்ற சர்ஜன். எழுபது இருக்கும். மெதுவான பேச்சு. பூங்கொத்தை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு நேராக வார்டுக்குப் போனார்.

"எட்டாம் படுக்கை எங்கே?"

பிரபாகர் கண் இமைக்கவில்லை. "மெயின்டனன்ஸ்ல இருக்கு சார்."

பெரியவர் ஏழையும் அதன் பக்கத்தில் புது ஒட்டுத்தாளோடு இருந்த 7ஏ-வையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பதிவேட்டை மாநாட்டு அறையில் படித்தார். ஆறு சம்பவம். நன்றாக இருக்கிறது என்றார். ஆலோசகர் மலர்ந்தார். பெரியவர் தொடர்ந்தார்: "ஆயாகூட எழுதிக் குடுத்திருக்காங்களே! இதுதான் கலாசாரம். இந்த ஈரத் தரை எழுதின எல்லம்மாவ நான் பாக்கலாமா?"

எல்லம்மா வந்தாள். கை துடைத்துக்கொண்டே.

"தரை ஈரமா இருக்குன்னு நீங்க எழுதினதைப் படிச்சேம்மா. ரொம்ப நல்ல வேலை."

"நானா? நான் எய்தலீங்க சார். எனக்கு எய்தத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்குத் தொடப்பம் புட்ச்சிக்கினு கீறேன்? ஆனா தர ஈரமாத்தான் கீது. டெய்லி கீது. நான்தானே தொடைக்கிறேன்."

எல்லம்மாவுக்கு உதவி செய்யும் எண்ணம் வந்துவிட்டது.

"எய்திக் குட்த்தது அந்தப் பவானிப் பொண்ணு சார். ஏழுக்குப் போட வேண்டிய ஊசிய 7ஏ-க்குப் போட்டுட்டேன்னு அதுவே எய்திக் குட்த்திச்சு. நல்ல பொண்ணு. அத்தத்தான் ஊட்டுக்கு அனுப்ச்சிட்டாங்களே."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு தாள் இருக்கா?"

எம்.டி. என்னைப் பார்த்தார். பிரபாகர் பார்த்தார். ஆலோசகர் தன் லேப்டாப்பைப் பார்த்தார். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் என்று ஒரு நினைப்பு வந்தது, அதை இங்கே மறைக்கவில்லை.

"என் பீரோவில இருக்கு சார்" என்றேன். எடுத்து வந்து கொடுத்தேன்.

இரண்டு பக்கமும் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். "இந்தப் பெண் எங்கே?"

"லீவ்ல இருக்காங்க சார்" என்றார் எம்.டி.

"நாளைக்கும் நான் இருக்கேன். வரச் சொல்லுங்க."

எல்லம்மா பெயரை அந்தப் பத்தியில் போட்டது யார் என்று பிரபாகர் பிறகு வந்து கேட்டார். நான்தான் என்றேன். இருபத்தொரு வருடமாக அவள் வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைப்பதைப் பார்க்கிற ஆள், எப்படி இப்படி என்றார். கவனக்குறைவு என்றேன். அதற்குமேல் நான்கு ஏன் அவரிடம் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில்.

பிரபாகர் நேற்று மாலையிலிருந்து பவானிக்கு ஆறு முறை போன். இன்று காலை ஏழாவது முறை எடுத்தாள். எம்.டி. அறையில், ஸ்பீக்கரில்.

"வாம்மா பவானி, ஒரு சின்ன விஷயம். ரிசைன் லெட்டர நாங்க இன்னும் ஏத்துக்கவே இல்ல, பாத்துக்க."

"சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்தாதான் வருவேன் சார். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் வேணும். மெமோ பத்தி ஒரு வார்த்தை அதுல இருக்கக் கூடாது."

"தாராளமா. வந்து வாங்கிக்கோ."

"இல்ல சார். நீங்க வந்து குடுங்க."

எம்.டி. தன் காரையே கொடுத்தார். பிரபாகர் கையில் கோப்போடு பின் இருக்கையில். திருநின்றவூர் வரை போக ஒரு மணி நேரம், வழியெல்லாம் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார்கள். டிரைவர் திரும்பி வந்து எல்லம்மாவிடம் சொன்னது: "கேட்டாண்டயே நின்னு பத்தாவது மார்க் ஷீட்லேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்திச்சு. சாரு வெயில்ல நின்னுகினே இருந்தாரு. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல."

"தண்ணியாச்சும் குட்த்திச்சா?"

"மோர் குட்த்திச்சு."

பதினொன்றரைக்கு வந்தாள். யூனிஃபார்ம் இல்லை, நீலச் சுடிதார். சான்றிதழ்க் கோப்பு நெஞ்சோடு. என் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுந்து நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும். "வந்துட்டியாம்மா" என்றேன். தலையை ஆட்டினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று இங்கே எழுதிவிட்டால் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? கேட்கவில்லை.

மாநாட்டு அறை. எம்.டி. எழுந்து வந்து பொன்னாடை போர்த்தினார். எங்கிருந்து வாங்கினார்கள், எப்போது வாங்கினார்கள் தெரியவில்லை. "நம்ம குடும்பத்துப் பொண்ணு சார். பாதுகாப்பு வாரத்தோட முதல் பரிசு இவங்களுக்குத்தான் குடுக்கறதா இருந்தோம்." ஆலோசகர் போட்டோ எடுத்தார். பிரபாகர் கை தட்டினார். நானும் தட்டினேன், என் கை தட்டியதைப் பார்த்தேன்.

பெரியவர் அவளை உட்காரச் சொல்லி, என்ன நடந்தது என்று கேட்டார். பலகை, ஊசி, டில்லி பாபு, படிவம், மெமோ, ராஜினாமா, பீரோ. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நீ எழுதினது ரொம்ப நல்ல ரிப்போர்ட்டும்மா" என்றார் பெரியவர். "நான் பாத்ததுலயே. சரி, நாளைக்கு நீ எங்கே வேலை பாத்தாலும், இதே மாதிரி ஒரு தவறு உன் கையால நடந்தா, எழுதிக் குடுப்பியா?"

எம்.டி. புன்னகையோடு அவள் பக்கம் சாய்ந்தார். ஆலோசகர் போனை உயர்த்திப் பிடித்தார். பதில் மனப்பாடத் தாளில் இருக்கிறது, பதினான்காவது கேள்வி.

"மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"எழுதினேனே சார்."

பொன்னாடையை எடுத்து நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள். கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரியவர் பேனாவை மூடினார். எம்.டி. எல்லோருக்கும் காபி சொன்னார்.